சுண்ணாம்பில் வரைந்த பிரசவ வார்டு

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். புதிதாகப் பிரசவக் கட்டடம் கட்டப் போகிறார்களாம். பழைய ஆட்கள் வந்து கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும் என்று இப்போதைய மேட்ரன் சொன்னாராம். கூப்பிடாத இடத்துக்கு நான் போவதில்லை. இது கூப்பிட்ட இடம். பெட்டியிலிருந்து நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு புனாவின் விஷ்ராந்த்வாடியில் பஸ் ஏறினேன். முன்பெல்லாம் நின்றுகொண்டே போவேன். இப்போது யாராவது எழுந்து இடம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல உடம்பில் தெம்பு இல்லை.

அங்கே இருந்த இளம் நர்ஸ் ஒருத்தி, "உங்க காலத்துல இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் இருந்திருக்காதுல்ல?" என்றாள். "இருந்தது" என்றேன். சிரித்தார்கள். வயதானவள் எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சிரிப்பால்தான் இதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் எழுதியிருப்பதைக் கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் எழுத்து கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் ஆரம்பத்தில். என் வீட்டுக்காரர் தாபோடிப் பக்கம் ராணுவப் பட்டறையில் இருந்தார். ஊர் வேலூர்ப் பக்கம். கல்யாணமாகிப் புனா வந்தபோது எனக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. கன்டோன்மென்ட் பக்கத்து ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டுக்கு ஆயா வேண்டும் என்றார்கள், போனேன். அங்கே ஆயா என்று சொல்ல மாட்டார்கள். மாவ்ஷி என்பார்கள். மராத்தியில் சித்தி, பெரியம்மா என்று அர்த்தம். பெயர் என்னவோ உறவுப் பெயர்தான். வேலை மட்டும் தரை துடைப்பது, ரத்தத் துணி அலசுவது, பெட்பேன் எடுப்பது, தள்ளுவண்டி தள்ளுவது. எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதம் வாந்தி எடுத்தேன், அடுத்த மாதம் எடுக்கவில்லை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது எஸ்தர் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அப்போது லேபர் ரூமுக்கு சிஸ்டராக இருந்தார், பிறகு மேட்ரன் ஆனார். மேட்ரன் ஆன பிறகும் நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன், அவரும் மாற்றச் சொல்லவில்லை. சத்தம் போடவே மாட்டார். சாவிக் கொத்தைக்கூட ஒலி வராமல் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பதை ஒன்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாம் நிற்கும் கட்டிலுக்கு அடுத்த கட்டிலின் விரிப்பை ஒன்றும் பேசாமல் இழுத்துச் சரிசெய்ய ஆரம்பிப்பார். அந்தக் கை விரிப்பைத் தடவ ஆரம்பித்ததும் பெரிய டாக்டர்கள்கூடக் குரலைத் தாழ்த்துவார்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. புதிதாக வரும் நர்ஸ் யாராக இருந்தாலும், முதல் நாள் தள்ளுவண்டியில் படுக்கச் சொல்லி, எங்களை ஆஸ்பத்திரி முழுக்கத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். "படுத்துப் பாரு. நோயாளிக்கு என்ன தெரியுதுன்னு அப்பத்தான் தெரியும்" என்பார். படுத்து வந்தவள் எழுந்ததும், "என்ன பாத்த?" என்று கேட்பார். "ஒண்ணும் பாக்கல சிஸ்டர், கூரைதான் தெரிஞ்சுது" என்று சொன்னால் தலையை ஆட்டுவார். அதுதான் சரியான பதில்.

தள்ளுவண்டி என்றால் சும்மா தள்ளிக்கொண்டு போவதில்லை. கால் பக்கம் முன்னால் போக வேண்டும். கால் பக்கம் ஒருத்தி இழுப்பாள், தலைப் பக்கம் ஒருத்தி தள்ளுவாள். தலைப் பக்கம் இருப்பவள் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வளைவில் இழுப்பவள் நிற்க வேண்டும், தள்ளுபவள் சுற்ற வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறது என்றால் அதைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தி, அதுவும் ஊசி ஏறிய கையின் பக்கமாக. நான் எப்போதும் கால் பக்கம். அதனால் வழியெல்லாம் நான் பின்பக்கமாகவே நடந்தேன். அந்த ஆஸ்பத்திரியை நான் முக்கால்வாசி முதுகாலேயே அறிந்தவள்.

அந்தப் பழைய கட்டடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மேலே போக முடியாது.

மத்தியான நேரம். தாபோடியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். சுசீலா என்று பெயர், முதல் பிரசவம். சேலத்துப் பக்கம். நான் தமிழ் பேசுகிறேன் என்றதும் என் கையை விடவில்லை. பனிக்குடம் உடைந்தது. உடைந்ததும் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. அப்படி இறங்கினால் குழந்தையின் தலை கொடியை நசுக்கும். நசுக்கினால் குழந்தைக்கு மூச்சு போய்விடும். அதற்கு ஒரே வழி, கையை உள்ளே வைத்துத் தலையை மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டியதுதான். தியேட்டரில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கும்வரை பிடித்த கையை எடுக்கக் கூடாது.

எஸ்தர் சிஸ்டர் பிடித்தார். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தபடியே ஓடிவந்தார். நான் இழுத்தேன். தாழ்வாரம் கடந்தோம், சாய்தளம் கடந்தோம். தியேட்டர் வாசலில் நின்றுபோனோம். வண்டி நுழையும், வண்டியோடு குனிந்து வரும் ஆள் நுழைய முடியாது. வாசல் அவ்வளவுதான். சிஸ்டர் வண்டிமேல் ஏறி முட்டிபோட வேண்டியதாயிற்று. நாங்கள் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டோம். உள்ளே போனோம்.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அன்று சிஸ்டர் வார்டில் இருந்த அத்தனை காலிக் கட்டில்களின் விரிப்பையும் இழுத்துச் சரிசெய்தார். வெகு நேரம் செய்துகொண்டிருந்தார்.

வருஷங்கள் போயின. அவர் மேட்ரன் ஆனார், நான் மாவ்ஷிகளுக்கு முகாதம் ஆனேன், அதாவது மேஸ்திரி மாதிரி. எண்பதுகளின் நடுவில் புதுப் பிரசவ வார்டு கட்ட ட்ரஸ்ட் முடிவு செய்தது. அப்போதுதான் மேட்ரன் எங்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்.

எங்களுக்கு அறை கிடையாது. வீட்டுப் புடவையில் வந்து ஆஸ்பத்திரிப் புடவைக்கு மாற வேண்டும். லேபர் ரூம் வேலையில் நனையாத நாள் கிடையாது, நனைந்தால் மறுபடி மாற்ற வேண்டும். துணி அலமாரிக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. ஒருத்தி பெட்ஷீட்டை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி மாற்றுவாள். வார்டு பாய்கள், அவர்களை அங்கே மாமா என்பார்கள், அந்த வழியாகத்தான் சிலிண்டர் உருட்டிக்கொண்டு போவார்கள். பெட்ஷீட் பிடிப்பவள் சத்தமாக, "மாமா, ஆள் இருக்கு!" என்று கத்த வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பட்ட பாட்டை என் மகளை எழுதச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுது என்கிறேன், எழுதுகிறாள்.

மேட்ரன் சொன்னார்: "ஏட்டி ராஜம்மா, புதுக் கட்டடத்துல உங்களுக்குன்னு ஒரு ரூம் வாங்கித் தாரேன். கொழா இருக்கும், பெஞ்சு இருக்கும். உள்ள இருந்து தாழ்ப்பா போட்டுக்கிடலாம்."

குழாயும் பெஞ்சும் யார் மனதிலும் நிற்கவில்லை. உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள் மட்டும் நின்றது. சாந்தா என்று ஒரு மாவ்ஷி, சதாராப் பக்கத்துக்காரி, வாய் நீளம். அவள் மராத்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "முதல் நாள் நான் உள்ள போய்த் தாழ்ப்பா போட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன். யார் தட்டினாலும் திறக்க மாட்டேன். எங்க வீட்டுலயே எனக்கு அப்படி ஒரு கதவு கிடையாது."

கட்டடம் வரைகிற ஆபீசில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். காகிதத்தில் வரையாமல் கட்டடத்தையே பெட்டிக்குள் கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். மேட்ரன் பார்க்கப் போனபோது என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். "ரூமு உங்களுக்கு. நீ பாக்காம யாரு பாக்க?" என்றார்.

அந்த அறையில் ஏசி. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். மேட்ரன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நம்ம தியேட்டர் மாதிரில்லா இருக்கு" என்றார். உள்ளே மேதா என்று ஒரு பெண், கல்லூரி முடித்து வந்தவள், கண்ணாடி போட்டிருந்தாள். டிவி மாதிரிப் பெட்டியில் கறுப்புக்குள் பச்சைக் கோடுகள். ஒரு பட்டனைத் தட்டினாள். ஒவ்வொரு கோடாக வர ஆரம்பித்தது. சுவர் வந்தது, கதவு வந்தது, ஜன்னல் வந்தது. மொத்தக் கட்டடமும் வருவதற்குள் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டோம். இன்னொரு பட்டனைத் தட்டினால் கட்டடம் திரும்பி வேறு பக்கத்தைக் காட்டும், அதற்கு இன்னொரு டீ. ஆனாலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இல்லாத கட்டடத்தின் முதுகைப் பார்க்க முடிகிறதே.

மேதா விரலால் தொட்டுக் காட்டினாள். இது லேபர் ரூம். இது தியேட்டர். நடுவில் ஒரு நடை. நடைக்கு இந்தப் பக்கம் டாக்டர்கள் ஓய்வறை, அந்தப் பக்கம் எங்கள் அறை. எங்கள் அறைமேல் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. "என்னம்மா எழுதியிருக்கு?" என்று இந்தியில் கேட்டேன். "மாவ்ஷி ரூம்" என்றாள். அந்த எழுத்தை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, உருவம் தெரியுமே.

ஆபீஸ்காரர்களும் நானும் நன்றாக இருக்கிறது என்றோம். மேட்ரன் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேதாவிடம், "இதுக்குள்ள நான் நடந்து பாக்கணும்" என்றார். அவள் சிரித்து, "நடக்க முடியாது மேடம், பாக்கத்தான் முடியும்" என்றாள்.

"அப்ப வெளிய எடுத்துக் குடு. தரையில போட்டு நடக்கேன்."

அப்படித்தான் அது நடந்தது. மேதா பெரிய தாளில் பேனா பிடித்த மெஷினால் வரைந்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் காலி மைதானம் ஒன்று இருந்தது. தோட்டக்காரர் கயிறு பிடித்தார். மேதா டேப் பிடித்து எவ்வளவு என்று சொல்லச் சொல்ல, முளை அடித்தார்கள். கயிற்றுக்கு ஓரமாகச் சுண்ணாம்புப் பொடி தூவினோம். கதவு வருகிற இடத்தில் சாந்தாவும் மற்றவர்களும் ரங்கோலிப் பொடியால் சிவப்புப் போட்டார்கள். போட்ட கையோடு சும்மா இருக்காமல் சாந்தா லேபர் ரூம் வாசலில் ஒரு தாமரையும் போட்டுவிட்டாள். நோயாளிகளைப் பார்க்க வந்த சனமெல்லாம் ஏதோ பூமி பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றது. ஒரு கிழவர் கும்பிடுகூடப் போட்டார்.

எங்கள் அறைக்கும் கோடு போட்டோம். போட்டதும் மாவ்ஷிகள் எல்லாரும் சிவப்புக் கோடு வழியாக வரிசையாக உள்ளே போய் நின்றார்கள். சுவரைத் தாண்டி யாரும் போகவில்லை. சாந்தா காற்றில் தாழ்ப்பாள் போட்டாள். தோட்டக்காரர் பக்கத்தில் வந்தபோது, "மாமா, ஆள் இருக்கு!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் பயந்து சுண்ணாம்பு டப்பாவைக் கீழே போட்டார். மேட்ரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

பிறகு அவர் மேதாவைப் பார்த்து, "ஏறிப் படு" என்றார்.

"நானா?"

"நீதானே கட்டின? படுத்துப் பாரு."

பாவம், சல்வாரை இழுத்துவிட்டுக்கொண்டு தள்ளுவண்டியில் படுத்தாள். சாந்தா பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். தலைப் பக்கம் ஒருத்தி. கால் பக்கம் நான். மேட்ரன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார், வலது கையை நீட்டி வண்டிமேல் வைத்தார். எதைச் செய்கிறார் என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். எத்தனையோ வருஷம் கழித்து அதே முதுகு, அதே குனிவு. அப்போது அவருக்கு வயதும் ஆகிவிட்டது.

"இழுட்டி" என்றார்.

மண்ணில் சக்கரம் சரியாக ஓடவில்லை. ஆனாலும் ஓடினோம். லேபர் ரூம் சிவப்பைத் தாண்டினோம், நடைக்குள் வந்தோம். நான் முதுகால் தியேட்டர் வாசலுக்குள் போனேன். வண்டி வந்தது. மேட்ரனும் வந்தார். நின்று பார்த்தோம். வாசலிலும் நடையிலும் ஒரு பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டைக் காணோம். அவர் காலும் சாந்தாவின் காலும் அழித்திருந்தன. கோடு என்பதால் அழிந்தது. சுவராக இருந்திருந்தால் நாங்கள் நின்றிருப்போம்.

 மேதா வண்டியில் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: "வண்டியைப் போட்டேன். கூட வர்றவங்களைப் போடவே இல்லை." அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண். அன்றைக்கே ஆபீசுக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்த ஒரு ஆளையும், பாட்டில் பிடிக்கிற ஒரு ஆளையும் கட்டம் கட்டமாகப் போட்டாளாம்.

சில நாள் கழித்து மறுபடி அந்த ஏசி அறை. இந்தத் தடவை எங்கள் சூப்பிரண்டு டாக்டரும் வந்தார். மேதா சொன்னாள்: வாசலை அகலமாக்க வேண்டும் என்றால் நடையையும் அகலமாக்க வேண்டும். நடைக்கு ரெண்டு பக்கமும் சுவர். ஏதாவது ஒரு சுவர் தள்ளிப் போக வேண்டும். சொல்லிக்கொண்டே பட்டனைத் தட்டினாள். டாக்டர்கள் ஓய்வறைச் சுவர் அழிந்தது, கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. அவ்வளவு சுலபம்.

சூப்பிரண்டு டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது வேண்டாம். அந்தப் பக்கத்துச் சுவர்" என்றார்.

மேட்ரன் ஏன் என்று கேட்டார். அந்த அறை ஒரு குடும்பம் தங்கள் அப்பா நினைவாகப் பணம் கொடுத்துக் கட்டுவது, இத்தனை பெரிசு என்று படம் காட்டியாகிவிட்டது, பெயர்ப் பலகைக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது, இனிக் குறைக்க முடியாது என்றார். மேதா எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துச் சுவரை நகர்த்தினாள். எங்கள் அறை ஒடுங்கியது. குழாய் போனது. பெஞ்சு போனது. ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம், அவ்வளவுதான். "இதுக்கு மேல ரூம்னு சொல்ல முடியாது" என்று மேதா தயங்கினாள். "ஸ்டோர் என்று போடு" என்றார் சூப்பிரண்டு டாக்டர்.

மேட்ரன் மேஜைமேல் இருந்த தாள்களை எடுத்து ஓரம் தட்டி அடுக்க ஆரம்பித்தார். கட்டில் இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வார்.

சூப்பிரண்டு டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். நாற்காலியில் சாய்ந்து, எனக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னார்: "மேட்ரன், கட்டாயம் ஒன்றுமில்லை. முதலில் போட்ட வாசலே விதிப்படி சரியானதுதான். அதையே வைத்துக்கொள்ளலாம், உங்கள் மாவ்ஷிகளுக்கு ரூமும் இருக்கும். அப்படி ஒரு கேஸ் எப்போதாவது வரும். வந்தால் கிளம்பும்போதே வண்டிமேல் ஏறிக்கொள்ளட்டும்."

மேட்ரன் தாளை வைத்தார். "ஏறும்போது கை நழுவும் டாக்டர்" என்றார். "எனக்கு நழுவியிருக்கு."

அத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சுசீலா வந்த அன்று அவர் இடுப்பைப் பிடித்து வண்டிமேல் ஏற்றியவள் நான். கை நழுவியது எனக்கே இந்த ஏசி அறையில்தான் தெரிந்தது.

 மேட்ரன் என் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார்: "ராஜம்மா, ரூமு ஒங்களுக்குன்னு சொன்னது நான். வாக்குக் குடுத்தவ நான். வாசல் சின்னதாவே இருக்கட்டும்னா சொல்லு, நான் இதோட விட்டுருதேன். என்னட்டி சொல்லுத?"

கேட்காமலே முடிவு செய்திருக்கலாம் அவர். மேட்ரன் அவர், நான் தரை துடைக்கிறவள். சூப்பிரண்டு டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தேன். மேதா இன்னும் அதை அழிக்கவில்லை. மைதானத்தில் காற்றில் தாழ்ப்பாள் போட்ட சாந்தாவின் கை கண்ணில் வந்தது. என் கையை விடாத சுசீலாவும் வந்தாள்.

"வாசல் பெருசா வரட்டும் சிஸ்டர்" என்றேன்.

மேதா பட்டனைத் தட்டினாள். எழுத்து ஒவ்வொன்றாகப் போனது.

 ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மேட்ரன் என் புடவைத் தலைப்பு சீட்டில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு, மடிப்பை நீவிச் சரிசெய்தார்.

மாவ்ஷிகளிடம் நான்தான் சொன்னேன். ஒளிக்கவில்லை, மேட்ரன்மேல் போடவுமில்லை. என்னைக் கேட்டார்கள், வாசல் பெரிதாகட்டும் என்று நான்தான் சொன்னேன் என்றேன். சாந்தா துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "ரூம் வாங்கப் போனவ ரூமைக் குடுத்துட்டு வந்திருக்கா. முகாதம் ஆயிட்டா இல்ல, தாராளம் வந்திருச்சு" என்றாள். அதன் பிறகு வேலை சம்பந்தமாகத் தவிர என்னோடு யாரும் பேசவில்லை. டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது நான் வந்தால் கொஞ்சம் விலகி உட்கார்வார்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. சொன்னது சொன்னதுதான்.

கட்டடம் எழுந்தது. டாக்டர்கள் ஓய்வறை வாசலில் பித்தளைப் பலகை வந்தது. எங்களுக்குப் புதுத் துணி அலமாரி வந்தது, அதற்குப் பின்னால் புதிதாக ஒரு சந்து வந்தது. அங்கேயே பெட்ஷீட் பிடித்தோம். பிற்பாடு குழாய்க்கோ கரண்டுக்கோ சுவரை உடைக்க வேண்டும் என்றால் மேதா ஆபீசுக்கு ஆள் போய்த் தாள் வாங்கிவருவார்கள், எந்தச் சுவருக்குள் என்ன போகிறது என்று அதில் இருக்கும். அந்தத் தாளைப் பிரிக்கும்போதெல்லாம் நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அடுத்த மழைக்காலத்தில் வந்தது அந்த மாதிரி ஒரு கேஸ். விடியற்காலை ஷிப்டு மாறுகிற சமயம். புதிய சிஸ்டர் ஒருத்தி, மேட்ரன் தயார் செய்தவள், கையை வைத்துக் குனிந்தாள். சாந்தா பாட்டில் பிடித்தாள். நான் இழுத்தேன். நடையில் நிற்கவில்லை, வாசலில் நிற்கவில்லை. வாசல் எப்போது வந்தது என்றே என் முதுகுக்குத் தெரியவில்லை. தியேட்டர் கதவு மூடியது. வெளியே நானும் சாந்தாவும் சுவரில் சாய்ந்து நின்றோம். ரெண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது.

சாந்தா அந்த வாசலை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல அகலமாத்தான் இருக்கு" என்றாள். "இதுலயே நின்னு புடவை மாத்திக்கலாம்."

பெட்ஷீட்டை எடுத்துவந்து எனக்குப் பிடித்தாள். அதோடு பேச்சு திரும்ப வந்தது.

வாசலுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. வாசல் சரி. தள்ளிய சுவர்தான் தப்பு. ரெண்டும் ஒரே நாளில், ஒரே பட்டனில் நடந்ததால் ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதாக ஆகிவிடுகிறது. இதைப் பிரித்துச் சொல்வதிலேயே எனக்கு அலுத்துவிட்டது.

மேட்ரன் ஓய்வு பெறும்வரை தன் அறையை ஒட்டியிருந்த பாத்ரூம் சாவியை எங்களிடம் கொடுத்து வைத்திருந்தார். அடுத்து வந்தவர் முதல் வாரமே திரும்ப வாங்கிக்கொண்டார், அவருக்கு அவர் நியாயம். மேட்ரன் ஊருக்குப் போனார், அங்கேயே இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். சாந்தாவும் போய்விட்டாள். நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாகப் புடவை மாற்றியதும் அலமாரிக்குப் பின்னால்தான்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். ஹடப்சர் பக்கம் ஆபீசாம், அங்கிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ்ப் பெண்தான், தமிழ் இந்தி கலந்து தட்டுத் தடுமாறி வந்தது. "ஆன்ட்டி, இங்க பைட்டுங்க, உக்காருங்க. இப்ப பாருங்க, பில்டிங் முழுசா சுத்தும்" என்றாள். பெரிய திரையில் கட்டடம் நிஜம்போல இருந்தது. டீ குடிக்க நேரமே இல்லை, நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. சுவருக்குள் குழாய் தெரிந்தது, ஆக்சிஜன் போகிற வழி தெரிந்தது. உள்ளே மனிதர்கள் நடந்தார்கள். ஒரு தள்ளுவண்டி போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிந்தபடி போனாள். பின்னாலேயே ஒருத்தி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். வாசலில் யாரும் நிற்கவில்லை.

"இதைப் போடச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் போடுவோம் ஆன்ட்டி. ரூல் மாதிரி" என்றாள்.

அந்த வண்டியை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "மாவ்ஷிங்க புடவை மாத்துற ரூம் எங்க?" என்று கேட்டேன்.

"இருக்கு ஆன்ட்டி, இருக்கு." கட்டடத்தைத் திருப்பினாள், உள்ளே போனாள். ஒரு அறை. குழாய் இருந்தது. பெஞ்சு இருந்தது. அலமாரி வரிசையாக இருந்தது. கதவைத் திறந்து காட்டினாள், மூடிக் காட்டினாள். நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"தாழ்ப்பா எங்க?"

அவளுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. கையால் செய்து காட்டினேன். "ஓ, கடீ!" என்று சிரித்தாள். "அவ்வளவு சின்னது எல்லாம் இப்ப போட மாட்டோம் ஆன்ட்டி. லாஸ்ட்ல வரும், பின்னாடி."

சுற்றி நின்ற நர்ஸுகள் வேறு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டேன்.

"இப்பவே போடும்மா" என்றேன். "நான் உக்காந்திருக்கேன்."